தினமும் பத்து ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

எனக்கும் இப்படித்தான் இருந்தது. சாதாரணதரம் படிக்கும்போது கொப்பியின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதுவேன். நானூறு சொற்களாவது சேர்ந்திருக்கும். ஆங்கிலப் பத்திரிகையை விரித்தால் அவை கைகொடுக்காது.

திருகோணமலையில் பிறந்தவனுக்கு ‘ஹாபர்’ தெரியாமல் இருக்குமா? துறைமுகம். ஆனால் ஒருநாள் ஆங்கிலப் பேப்பரில், குற்றவாளியை ‘ஹாபர்’ செய்ததாக ஒருவரைப் பிடித்த செய்தி வந்தது. அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. பெரிய அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் பழைய பொருளே தங்குமிடம், அடைக்கலம். கப்பலுக்கு அடைக்கலம் கொடுத்தால் துறைமுகம். குற்றவாளிக்குக் கொடுத்தால் ஒளித்துவைத்தல். கோபத்துக்கு மனதில் இடம் கொடுத்தால் வன்மம். சுற்றிவர நிலம் அணைத்து நிற்கும் நம் உள்துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. அந்தச் சொல்லை நான் பிறகு மறக்கவே இல்லை.

அடுத்தது ‘ஃபோர்ட்’. கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கிறோம். லத்தீனில் ‘ஃபோர்டிஸ்’ என்றால் வலிமையுள்ள என்று பொருள். முயற்சியைக் குறிக்கும் ‘எஃபர்ட்’ அதே வேர், உள்ளே இருக்கும் வலிமையை வெளியே எடுப்பது. ‘கம்ஃபர்ட்’டை நாம் சொகுசு என்று படித்தோம், ஆனால் அது முதலில் ஒருவருக்குத் தெம்பூட்டுவது. ஒரு வாசலில் மூன்று சொற்கள் கிடைத்துவிட்டன.

எழுத்து ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். டச்சு பே கடற்கரையின் ‘பே’ விரிகுடா. எதிரியை நெருங்கவிடாமல் ‘அட் பே’ வைத்திருப்பது என்பதில் வரும் ‘பே’ வேட்டைநாய் குரைப்பிலிருந்து வந்தது.

மறதியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, படித்த கையோடு மறதி வேகமாக வரும், பிறகு மெல்ல அடங்கும் என்று 1885இல் எழுதினார். பொருள் பிடிபடாத சொல்லும் நமக்கு வெறும் அசைதானே! அதனால் மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை தமிழ்ப் பக்கத்தைக் கையால் மறைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பத்து வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வாசித்த ஒரு முழு வசனத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். சரி, இன்றைக்கு ‘ஆங்கர்’ என்ற சொல்லில் தொடங்குங்களேன். நங்கூரம் தவிர அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக் கருத்தில் எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.