சாம்பார் வைத்தால் புரதம் போதுமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68, எடை 55 கிலோ. சைவ உணவு மட்டுமே உண்பவர். சில மாதங்களாகத் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. புரதச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று சொல்லி, டப்பாவில் வரும் புரதப் பொடியை வாங்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். தினமும் சாம்பார் வைக்கிறோமே, அது போதாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்காக டப்பா வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

1918இல் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பின்னர் ஐதராபாத்துக்கு இடம் மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் நாள்தோறும் புரதம் வேண்டும். உங்கள் மாமியாருக்கு அது ஏறத்தாழ 46 கிராம். வயது ஏற ஏற, உண்ணும் புரதத்தைத் தசையாக்கிக்கொள்ளும் திறன் குறைவதால், முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே 55 கிராமை இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

இனி அவர் தட்டைப் பார்ப்போம். காலையில் 2 இட்லி, இரவில் 2 இட்லி என்றால் இரண்டும் சேர்ந்து 8 கிராம் புரதம். பகலில் 150 கிராம் அரிசியைச் சோறாக உண்டால் 12 கிராம். ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் துவரம்பருப்பு 15 கிராமைத் தாண்டாது. அதில் கிடைப்பது 3 கிராம்தான். ஒரு சிறு கிண்ணம் தயிரும் இரு வேளைக் காப்பியில் சேரும் பாலும் தலா 3 கிராம் தரும். எல்லாம் கூட்டினாலும் 30ஐத் தொடவில்லை. ரசமும் மோரும் மட்டும் ஊற்றிக்கொண்டு சாப்பாட்டை முடிக்கும் நாட்களில் இது இன்னும் குறையும். நம் வீடுகளில் பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியில் மிஞ்சியதை ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தை நான் மிகுந்த வருத்தத்தோடு பார்க்கிறேன். பருப்பு முழுவதும் முன்பே போய்விட்டிருக்கும்.

குறை நம் உணவு வகையில் இல்லை, அதன் அளவில் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால்தான் பொங்கலும் அடையும் தரமான புரத உணவுகளாகின்றன. அரிசி 3 பங்கு என்றால் பருப்பு 1 பங்காவது இருக்க வேண்டும். சாம்பாரை மட்டும் நம்பினால் அந்த விகிதம் கிட்டாது.

பகல் சோற்றில் முதலில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, 30 கிராம் பருப்புக் குறையாமல் பிசைந்து கொடுங்கள். 7 கிராம் புரதம் கூடும். மாலையில் ஒரு கைப்பிடிக் கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்யலாம். பல் இடம் கொடுக்காவிட்டால் மசித்துவிடுங்கள், அல்லது பொட்டுக்கடலைத் துவையல் அரையுங்கள். இரவு இட்லிக்குப் பதிலாக, அரிசியும் பருப்பும் சம அளவில் ஊறவைத்து அரைத்த மென்மையான அடை இரண்டு கொடுத்தால் 9 கிராம் வரை கிடைக்கும். படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர் பால். இவ்வளவு செய்தால் 55 கிராமை நெருங்கிவிடலாம். அதை ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து கொடுப்பதும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்வதும் அவசியம், ஏனெனில் உழைப்பு இல்லாத தசையில் புரதம் தங்காது. கால் தளர்ச்சிக்கு வைட்டமின் டி, பி12 குறைபாடுகளும் காரணமாகலாம். புரதத்தைக் கூட்டுமுன் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனையோடு மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் மகன் தினமும் பச்சை முட்டைகளை உடைத்துக் குடிக்கிறான். சிறுநீரகம் கெட்டுவிடுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: நல்ல நிலையில் உள்ள சிறுநீரகத்தை முட்டை கெடுக்காது, ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத்தான் கட்டுப்பாடு தேவை. ஆனால் பச்சையாகக் குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வெந்த முட்டையின் புரதம் ஏறத்தாழ 90 சதவீதம் செரிக்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் செரிக்கிறது. சால்மோனெல்லா கிருமியின் ஆபத்தும் உண்டு.

கேள்வி: என் 9 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் பருப்புத் தண்ணீர் ஊட்டுகிறேன். எடை சரியாக ஏறவில்லை. என்ன செய்வது?
– வாசகி, தருமபுரி

பதில்: வெந்த பருப்பின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் புரதம் மிகச் சொற்பம், சத்து முழுவதும் கீழே தங்கிய பருப்பில் இருக்கிறது. அந்த நீர் குழந்தையின் சிறிய வயிற்றை நிரப்பிவிடுவதால் பசியும் அடங்கிவிடும். பருப்பையே சோற்றோடு கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் மசித்து, ஒரு தேக்கரண்டி நெய் விட்டு ஊட்டுங்கள். நெய்யைத் தவிர்க்காதீர்கள், உடலுக்கு வேண்டிய கலோரி கிடைக்காதபோது, வளர்ச்சிக்கு உதவ வேண்டிய புரதமே எரிபொருளாகச் செலவாகிவிடும். உங்கள் வீட்டில் முட்டை உண்ணும் வழக்கம் இருந்தால் நன்றாக வெந்த முட்டையையும் மசித்துக் கொடுக்கலாம். பாலூட்டும் உங்களுக்கும் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 13 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும் என்பதால், குழந்தைக்கு வேகவைக்கும் பருப்பில் உங்களுக்கும் ஒரு கிண்ணம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பாருங்கள். அடுத்த மாதமும் எடை ஏறாவிட்டால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.