பெயரை மாற்றினால் போதுமா? - கடிதம்

வணக்கம் சார்,

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கையைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். ‘சூதாடி’ அவருடைய சொந்தக் கதை என்று தெரிந்ததும் அந்த நாவல் மீதிருந்த பிரமிப்பு இறங்கிவிட்டது. நடந்ததை எழுதக் கற்பனை எதற்கு? நானும் இறந்துபோன என் அண்ணனைப் பற்றி ஒரு நாவல் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் மாற்றிவிட்டேன். அது போதுமா? அம்மா படிப்பார்களே என்று பயமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

பிரமிப்பு இறங்கிவிட்டதாம்! 1866ல் பதிப்பாளரின் கெடுவுக்குப் பயந்து, 26 நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்த நாவல் அது. சுருக்கெழுத்தில் எழுதிய அன்னாவையே அடுத்த வருஷம் கல்யாணமும் செய்துகொண்டார். சுவாரசியமான கதைதான். ஆனால் ரூலெட் சூதாட்டத்தில் சொத்தை விட்டவர்கள் அன்றைய ஐரோப்பாவில் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் ‘சூதாடி’ எழுதினார்கள்? சரி, அதை விடுங்கள்.

சில வாரங்களாக நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். 1878 மே மாதம் தஸ்தயேவ்ஸ்கியின் கடைசி மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்தான். அப்பாவுக்கு இருந்த அதே வியாதி. மனிதர் நொறுங்கிப் போனார். அடுத்த மாதம் ஆப்டினா மடாலயத்துக்குப் போய் அம்வ்ரோஸி என்ற முதிய துறவியைப் பார்த்துவிட்டு வந்தார். 1879ல் ‘கரமசோவ் சகோதரர்கள்’ வெளிவரத் தொடங்கியது.

அதில் ஸோசிமா என்ற துறவியிடம் ஒரு வண்டிக்காரரின் மனைவி வருகிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள். மூன்று வயது நிரம்ப மூன்றே மாதம்தான் பாக்கி என்கிறாள். தஸ்தயேவ்ஸ்கியின் மகன் பிறந்தது 1875 ஆகஸ்ட். எண்ணிப் பாருங்கள். மார்புத் துணிக்குள்ளிருந்து குழந்தையின் சின்ன இடைக்கச்சையை எடுத்துப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். குழந்தை கடவுளிடம் இருக்கிறது என்று துறவி சொல்லும் ஆறுதல் அவளிடம் எடுபடுவதில்லை. அதன் பிறகுதான் அவர், ஆறுதல் அடையாதே, அழு என்கிறார். ஆப்டினாவிலிருந்து கணவர் கொண்டுவந்த சொற்கள் அந்த இடத்தில் இருக்கின்றன என்று அன்னா தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இன்னும் பாருங்கள். செத்த பிள்ளையின் பெயர் நாவலின் நல்ல தம்பிக்குப் போகிறது. பிள்ளையைக் கொன்ற வலிப்பு, கொலைகாரன் ஸ்மெர்த்யாகோவுக்கு. துக்கம், சில பக்கங்களோடு மறைந்துபோகும் அந்த வண்டிக்காரர் மனைவிக்கு. பியோதர் என்ற தன் பெயரையோ, ஊரே காறித் துப்பும் அப்பனுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் விழுந்த ஒரு சாவை இப்படிப் பாகம் பிரித்திருக்கிறார் மனிதர். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன் என்கிறீர்களே, அது போலீஸ்காரருக்குப் பயந்து நம்பர் பிளேட்டை மாற்றுகிற வேலை. வண்டி அதே வண்டிதான்.

நானும் அதைச் செய்தவன்தான். முதல் நாவலில் அப்பாவை அப்படியே எழுதினேன், பெயரை மட்டும் மாற்றி. சொந்தக்காரர் ஒருவர் இன்றுவரை வீட்டுப்படி ஏறவில்லை. அது போகட்டும். அம்மா இரண்டே ராத்திரியில் படித்து முடித்துவிட்டு, “அவர் காபிக்குச் சர்க்கரையே போடமாட்டாரேடா, ரெண்டு ஸ்பூன்னு எழுதியிருக்கியே” என்றாள். அவ்வளவுதான். முந்நூறு பக்கத்துக்கு ஒரு பிழைதிருத்தம்.

அப்பா பஸ் டிக்கெட்டைச் சுருட்டி வாட்ச் பட்டைக்கடியில் செருகிக்கொள்வார். இறங்கிய பிறகும் அதை எடுத்து எறிய மாட்டார். ராத்திரி வாட்சைக் கழற்றும்போதுதான் கீழே விழும். ரொம்ப நாள் கழித்து ஒரு சிறுகதையில் வந்த பூக்காரக் கிழவிக்கு அதைக் கொடுத்தேன். அவள் வளையலுக்குள் செருகிக்கொள்வாள். பத்திரிகையில் வந்ததை அம்மா படித்தாள். “இந்தப் பூக்காரி யாருடா?” என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். “ம்” என்றாள். அன்று அவள் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அம்மா படிப்பார்கள் என்ற பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. பயந்துகொண்டே எழுதுங்கள். ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் அண்ணனைப் பற்றி இருப்பது ஒரே ஒரு சொல்: ‘இறந்துபோன’. அவர் சட்டைகளை இப்போது யார் போட்டுக்கொள்கிறார்கள்? முதலில் அதை எழுதி அனுப்புங்கள். நாவலை அப்புறம் பார்க்கலாம்.