ஒரே மூட்டைக்கு இரண்டு வழக்கா?

கடற்கரை ஊர்களிலிருந்து வந்த இந்த வாரக் கேள்விகளில் நாலு, 'ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை உண்டா?' என்பதையே சுற்றி வருகின்றன.

கடல் அட்டை மூட்டையோடு பிடிபட்டேன். சுங்கத்துறை படகைப் பறிமுதல் செய்து அபராதமும் போட்டது. இப்போது கோர்ட்டிலும் வழக்கு. வனத்துறை வழக்கு தனி. இது நியாயமா? (வேதாளை)

மனசுக்கு நியாயமாகப் படாதுதான். அரசியல் சட்டத்தின் 20(2) பிரிவு, ஒரே குற்றத்துக்காக ஒருவர்மீது இரண்டு முறை வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. சிக்கல் 'வழக்கு நடத்தி' என்ற சொல்லில் இருக்கிறது. பம்பாய் விமான நிலையத்தில் தங்கத்தோடு பிடிபட்ட மக்பூல் உசேனும் உங்களைப் போலத்தான் கேட்டார். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, அவர் செய்த பறிமுதல் கிரிமினல் தண்டனை அல்ல என்று 1953இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் படகு போனதைக் காட்டிக் கோர்ட் வழக்கை நிறுத்த முடியாது.

வனத்துறை வழக்கில் கொஞ்சம் இடம் இருக்கிறது. கடல் அட்டை பிடிப்பதும் வைத்திருப்பதும் ஒரு குற்றம்; கடத்த முயன்றது வேறு குற்றம். இரண்டுக்கும் தனித்தனியாகத் தண்டிக்கலாம். ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆவது பிரிவே, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது என்கிறது. இரண்டு குற்றப்பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை நிரூபித்தால் எந்தக் குற்றம் நிற்கும் என்று வரிவரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டை ஒன்றுதானே என்று மட்டும் வாதாடும் வக்கீல் வேண்டாம்.

அடிதடி வழக்கில் கோர்ட் என்னை விட்டுவிட்டது. இப்போது மறுபடி சம்மன் வந்திருக்கிறது. (தங்கச்சிமடம்)

எப்படி விட்டது? விடுதலை வேறு, விடுவிப்பு வேறு. சாட்சிகளை விசாரித்துக் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்திருந்தால் பாதுகாப்பு உண்டு. அரசு மேல்முறையீடு போகலாம், அது புது வழக்காகாது. விசாரணை தொடங்கும் முன்பே விடுவித்திருந்தால் பாதுகாப்பு இல்லை. இந்தப் பாதுகாப்பைத் தருவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 300ஆவது பிரிவு; 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337. என்னிடம் வந்த ஒருவர் உத்தரவு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வல்லத்தின் பதிவுப் புத்தகத்தோடு பன்னிரண்டு வருடம் காப்பாற்றி வைத்திருந்தார். கடைசிப் பத்தியில் இருந்த சொல், 'விடுவிக்கப்படுகிறார்'. முதலில் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

தம்பியை இலங்கைக் கடற்படை இரண்டாம் முறையாகப் பிடித்திருக்கிறது. முதல் முறை தண்டனையை ஒத்திவைத்து அனுப்பினார்கள். இப்போது பழையதையும் சேர்ப்பார்களாம். (பாம்பன்)

சேர்க்கலாம். எல்லை தாண்டினார் என்பதால் இது புதுக் குற்றம். பழைய தண்டனையோ ரத்தாகவில்லை, நிபந்தனையோடு நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். நம் 20(2) பிரிவு அந்த நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. முதல் தீர்ப்பின் நகலை உடனே வரவழையுங்கள். ஒத்திவைத்த காலம் முடிந்திருந்தால் பேச்சே வேறு.

காயம் ஏற்படுத்தியதாகத் தண்டனை அனுபவித்துவிட்டேன். அடிபட்டவர் பிறகு இறந்துவிட்டார். கொலை வழக்கு வருமா? (தேவிபட்டினம்)

அந்தக் காயத்தால்தான் இறந்தார் என்றால் வரலாம். தண்டித்தபோது மரணம் நிகழவில்லை, அல்லது நீதிமன்றத்துக்குத் தெரியாது என்றால் 337ஆவது பிரிவே அதை அனுமதிக்கிறது. மரணத்துக்குக் காரணம் என்ன என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும் வரை யாரிடமும் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.