வெளிநாட்டில் வீடு: வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக வேலை விசாவில் வெளிநாட்டில் வசிக்கிறேன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடுகிறது. அதே பணத்தைத் தவணையாகக் கட்டினால் ஒரு ஃப்ளாட் சொந்தமாகிவிடும் என்று உடன் பணிபுரிவோர் வற்புறுத்துகிறார்கள். வங்கியும் கடன் தர முன்வந்திருக்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: வாடகையையும் தவணையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவணையே எப்போதும் நல்லதாகத் தோன்றும். கடனின் தொடக்க ஆண்டுகளில் நாம் கட்டும் தவணையில் பெரும்பகுதி வட்டி என்பதையும், வீட்டை வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆகும் செலவு திரும்பி வராத பணம் என்பதையும் அந்த ஒப்பீடு மறைத்துவிடுகிறது. ஆகவே, எவ்வளவு காலம் அந்த நாட்டில் இருப்பீர்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து 20 போட்டு, மீதி 80-ஐ 4 சதவீத வட்டியில் 25 ஆண்டுக் கடனாக வாங்குகிறீர்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வழக்கறிஞர், தரகு என்று வாங்கும்போது 7-உம், விற்கும்போது 3-உம் செலவாகிறது. முதல் 3 ஆண்டுகளில் நீங்கள் கட்டும் தவணை மொத்தம் 15-ஐச் சற்றுத் தாண்டும். அதில் 9-க்கு மேல் வட்டிக்குப் போய்விட, அசலில் கழிவது ஏறத்தாழ 6 மட்டுமே. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1 வீதம் 3 ஆகும். கையிலிருந்து போட்ட 27 வேறெங்காவது 3 சதவீதம் ஈட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வருமானம் 2.5. அசலை விட்டுவிட்டு, வாங்கி விற்ற 10-ஐயும் சேர்த்து இவற்றையெல்லாம் கூட்டினால், திரும்பி வராமல் போன பணம் 25-ஐ நெருங்குகிறது. இதே வீட்டில் ஆண்டுக்கு 4.5 வாடகையில் இருந்திருந்தால் 3 ஆண்டுகளில் 13.5 தான் செலவாகியிருக்கும். அதாவது, மூன்றே ஆண்டுகளில் கிளம்ப நேர்ந்தால், வீட்டின் விலை 11 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால்தான் உங்களுக்கு நட்டமில்லை.

இப்போது 10 ஆண்டுகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வட்டி 28, வாங்கி விற்ற செலவு அதே 10, பராமரிப்பு 10, கைப்பணத்தின் இழந்த வருமானம் 9 என்று மொத்தம் 57 வருகிறது. வாடகை ஆண்டுக்கு 3 சதவீதம் உயர்ந்துகொண்டே போனால் 10 ஆண்டுகளில் 52-ஐத் தொடுகிறது. இங்கே, பத்தாண்டு முழுவதிலும் விலை 5 சதவீதம் ஏறினாலே போதும். சில்லறைக் கணக்குகளை விட்டிருக்கிறேன்; உங்கள் ஊரின் வட்டியையும் வாடகையையும் போட்டு நீங்களே இதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. எழுதியவுடன் ஒன்று தெரியவரும்: வாங்கி விற்கும் செலவான அந்த 10 மூன்று ஆண்டுகளானாலும் பத்து ஆண்டுகளானாலும் மாறுவதில்லை, அதைப் பரப்பிக்கொள்ளக் காலம் கிடைக்கிறதா என்பதே முழுக் கணக்கையும் தீர்மானிக்கிறது.

உள்நாட்டுக்காரருக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் வருகிறது. அவர் எத்தனை ஆண்டு இருப்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். உங்கள் விஷயத்தில் அந்த முடிவு பாதி முதலாளியின் கையிலும், மீதி குடிவரவுத் துறையின் கையிலும் இருக்கிறது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால் புதிய வேலையோ வேறு விசா நிலையோ தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாட்கள்தான் பொதுவாகக் கிடைக்கின்றன. ஒரு வீட்டை நியாயமான விலைக்கு விற்று, பணம் கைக்கு வர, 60 நாட்கள் பல சந்தைகளில் போதாது. அவசரமாக விற்பவர் என்பது தெரிந்துவிட்டால் வாங்க வருபவர் பேரத்தை எங்கிருந்து தொடங்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, சட்டம் உங்களை வாங்க அனுமதிக்கிறதா, அனுமதித்தால் என்ன விலைக்கு என்பது. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் குடியிருப்புச் சொத்து வாங்கினால் வழக்கமான முத்திரை வரியுடன் கூடுதலாக 60 சதவீத வரி கட்ட வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பெற்றவருக்கு முதல் வீட்டில் அதுவே 5 சதவீதம். (அமெரிக்கக் குடிமக்கள் வணிக ஒப்பந்தத்தின் பயனாகச் சிங்கப்பூரர்களைப் போலவே நடத்தப்படுகிறார்கள்; ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இருவருக்கு ஒரே ஃப்ளாட்டின் விலை இப்படி மாறுகிறது.) ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் உட்பட வெளிநாட்டவர் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட பழைய வீடுகளை வாங்குவதற்கு, சில விலக்குகள் நீங்கலாக, தடை விதித்திருக்கிறது. கனடாவின் தடை 2023 ஜனவரி 1-இல் தொடங்கி 2027 தொடக்கம் வரை நீட்டிக்கப்பட்டது; ஆனால் வேலை அனுமதியில் குறைந்தது 183 நாட்கள் மீதமிருப்பவர் ஒரு வீடு வாங்கிக்கொள்ளலாம். தாய்லாந்தில் நிலத்தைச் சொந்தமாக்க முடியாது என்றாலும், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வைத்திருக்கலாம். துபாயில் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு வாங்கலாம். பதிவின்போது நிலத் துறைக்கு 4 சதவீதம் போகும்.

இந்தப் பட்டியலைப் படித்து மலைக்க வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், நிரந்தர வசிப்புரிமைக்கான வழி தெளிவாகத் திறந்திருக்கும் நாட்டில், அது கைக்கு வரும் வரை வாடகைக்கு இருந்து, வந்த பிறகு வாங்குவதே உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பொருந்தும். அந்த உரிமை வந்தவுடன் வரி குறையலாம், வீட்டு விலையில் வங்கி கடனாகத் தரும் பங்கு கூடலாம், எல்லாவற்றுக்கும் மேலாக வேலை போனாலும் வீட்டில் இருக்கலாம். அப்படியொரு வழியே இல்லாத நாட்டில், வேலை நின்றாலும் ஓராண்டுக்குத் தவணை கட்டக் கையில் சேமிப்பு இருந்தால் மட்டுமே வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். வங்கி கடன் தர முன்வருவதை உங்கள் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் பணத்துக்கு வீடு அடமானமாக இருக்கிறது என்பதை மட்டுமே வங்கி பார்த்திருக்கிறது.

கேள்வி: வாங்கிய வீட்டை, நாட்டை விட்டுக் கிளம்பும்போது விற்காமல் வாடகைக்கு விட்டால், அந்த வாடகையே தவணையைக் கட்டிவிடாதா? என் கடன் நான் இப்போது சம்பளம் வாங்கும் நாணயத்தில் இருக்கிறது.

பதில்: கட்டும், ஆனால் எல்லா மாதமும் கட்டாது. குடித்தனக்காரர் மாறும் இடைவெளியில் வீடு காலியாக இருக்கும். குழாய் உடைந்தால் ஆள் அனுப்ப ஒருவர் வேண்டும். தொலைவிலிருந்து நிர்வகிக்க முகவரை வைத்தால் வாடகையில் ஒரு பங்கு அவருக்குப் போகும். அதற்கு முன்பே, கடன் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். சொந்தக் குடியிருப்புக்கு என்று குறைந்த வட்டியில் தரப்பட்ட கடனாக இருந்தால், வங்கியின் ஒப்புதல் இல்லாமல் வாடகைக்கு விடுவது ஒப்பந்த மீறலாகலாம்.

நாணயத்தைக் குறித்து நீங்களே எழுதியிருப்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கிளம்பிய பிறகு உங்கள் சம்பளம் வேறொரு நாணயத்துக்கு மாறிவிடும், கடன் மாறாது. 2015 ஜனவரி 15 அன்று ஸ்விட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த எல்லையை முன்னறிவிப்பின்றிக் கைவிட, ஃபிராங்கின் மதிப்பு ஒரே நாளில் எகிறியது. போலந்தில் ஸ்லோட்டியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, வட்டி குறைவு என்பதற்காக ஃபிராங்கில் வீட்டுக் கடன் எடுத்திருந்த ஏராளமான குடும்பங்கள், காலையில் எழுந்தபோது இருந்த கடனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான கடனோடு அன்றிரவு படுக்கப் போயின. அவர்கள் சொந்த நாட்டில்தான் இருந்தார்கள், வேலையும் போகவில்லை. உங்கள் விஷயத்தில் வாடகை வருமானமும் கடனும் ஒரே நாணயத்தில் இருப்பது ஒரு பாதுகாப்பு என்பது உண்மையே. ஆனால் வாடகை போதாத மாதங்களில் ஈடுகட்டும் பணம் வேறு நாணயத்திலிருந்து வர வேண்டியிருக்கும். ஆகவே அந்த நாட்டு வங்கியிலேயே ஆறு மாதத் தவணையை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வரியையும் மறந்துவிட வேண்டாம். வெளியேறிய பிறகு விற்றால் சில நாடுகள் விற்பவரை வேறு கண்ணால் பார்க்கின்றன. அமெரிக்காவில் வெளிநாட்டவர் சொத்தை விற்கும்போது, வாங்குபவர் பொதுவாக விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித் துறைக்குச் செலுத்த வேண்டும். கூடுதலாகப் பிடித்தது பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டியது. ஜெர்மனியில் இதற்கு நேர்மாறாகப் பொறுமைக்குப் பலன் உண்டு: வாங்கி 10 ஆண்டுகள் கழித்து விற்றால் தனிநபரின் லாபத்துக்கு வரி கிடையாது. கேட்கவே சங்கடமான இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்காத அயல்நாட்டவர் ஒருவர் இறந்தால், அங்குள்ள அவருடைய சொத்தில் 60,000 டாலர் வரை மட்டுமே மரபுரிமை வரியிலிருந்து விலக்கு, வரி ஒப்பந்தம் ஏதும் துணைக்கு வராவிட்டால். எந்த நாட்டில் வீடு இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படி ஓர் உயிலை எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாடகைக்கே இருப்பது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் வீட்டுக்காரர் திடீரென்று விற்றுவிட்டால் குழந்தைகளின் பள்ளியை மாற்ற வேண்டுமே என்ற கவலை இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல முடிவு, கவலையும் நியாயமானது. வாடகைக்காரருக்குள்ள பாதுகாப்பு நாட்டுக்கு நாடு வெகுவாக வேறுபடுகிறது. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் வாழும் ஜெர்மனியில், காலவரையற்ற ஒப்பந்தத்தை வீட்டுக்காரர் தக்க காரணமின்றி முறிக்க முடியாது. வீடு விற்கப்பட்டாலும் ஒப்பந்தம் புதிய உரிமையாளரோடு தொடரும். துபாயில் விற்பதற்காகவோ தாமே குடியேறுவதற்காகவோ காலி செய்யச் சொன்னால், நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பிப் பெட்டி கட்ட வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டிய விதி ஒன்று உண்டு. சிங்கப்பூரில் இரண்டாண்டு ஒப்பந்தங்களில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்று வழக்கமாகச் சேர்ப்பார்கள்: வேலை போய் அல்லது மாற்றலாகி நாட்டை விட்டுப் போக நேர்ந்தால், முதல் 12 மாதங்கள் முடிந்த பின் இரண்டு மாத முன்னறிவிப்பில் அபராதமின்றி வெளியேறலாம். எந்த நாட்டில் இருந்தாலும் இதைக் கேளுங்கள். வாடகையில் சிறு குறைப்பைவிட வேலை விசாவில் இருப்பவருக்கு இதுவே பெறுமதியானது.

முன்பணத்தைப் பற்றி: சாவி வாங்கும் அன்று, சாமான்களை இறக்கும் முன், வீட்டுக்காரரோ முகவரோ உடனிருக்க ஒவ்வோர் அறையாகப் படமெடுங்கள். சுவரில் உள்ள ஆணித் துளை, சமையல் மேடையின் விளிம்பில் உள்ள கீறல், குளியலறையில் கசிவின் கறை, மின் மீட்டரில் உள்ள எண் ஆகியவற்றை அருகில் நின்று எடுத்து, அன்றே மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டு, எனக்கு முன்பிருந்தவர் துளைத்த 11 துளைகளுக்குப் பணம் கொடுத்தேன்.