சமயவியல் படிக்க அமெரிக்கா: பூர்வீக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகள், அமெரிக்காவில், பல துறைப் பாடங்களைக் கலந்து படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சமயவியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுத்துப் படிக்க ஆசைப்படுகிறாள். கையில் 35 லட்சம் சேமிப்பு இருக்கிறது. பூர்வீக வீட்டில் எனக்குள்ள பங்கை வைத்து 40 லட்சம் கடன் வாங்கலாமா? இந்தப் படிப்பு கடனை அடைக்குமா?

பதில்: சமயவியல் என்றதும் கோயில் பூசைக்கோ மடத்துக்கோ தயார் செய்யும் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். வரலாறு, மொழி, மூல நூல்கள், கள ஆய்வு எல்லாம் கலந்தது இது. குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் போகும் நகரத்தார் காவடிப் பயணத்தையே இறுதியாண்டு ஆய்வாக எடுக்கலாம். நம் பகுதிப் பிள்ளைக்கு அது பெரிய பலம்.

இந்தக் கல்லூரிகளில் பொதுவாக மேஜரை இரண்டாம் ஆண்டு முடிவில் அறிவித்தால் போதும். நான்கு ஆண்டில் எடுக்கும் சுமார் 32 பாடங்களில் சமயவியலுக்குப் பத்துப் பதினொன்று போகும். மிச்சத்தில் கணிதத்தையோ கம்ப்யூட்டர் சயின்ஸையோ இரண்டாவது மேஜராக முடிக்க இடம் இருக்கிறது. அப்படி முடிப்பது நல்லது என்பதற்கு விசா ஒரு காரணம். மாணவர் விசாவில் படிப்பு முடித்தபின் அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதிக்கு ஓ.பி.டி. என்று பெயர். சமயவியல் மட்டும் முடித்தவருக்கு அது 12 மாதம்தான். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மேஜரும் இருந்து, அது சார்ந்த வேலையும் கிடைத்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். டாலர் சம்பளத்தில் கடனை அடைக்க நினைப்பவர் இந்த வித்தியாசத்தை முதலில் பார்க்க வேண்டும்.

அதனால் எனக்குப் பயம் மேஜரைப் பற்றி இல்லை, கடனைப் பற்றித்தான். ஆண்டுக்கு 10 லட்சமாக நான்கு முறை 10.5% வட்டியில் வாங்குகிறீர்கள், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும்போதே வட்டி 14.7 லட்சம் ஏறியிருக்கும். 54.7 லட்சத்தை 15 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 60,500 ரூபாய் வேண்டும். வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் தவணை 44,200 அளவில் நிற்கும். சமயவியல் பட்டத்தோடு ஊர் திரும்பும் பிள்ளையின் முதல் சம்பளத்தில் இரண்டுமே கழுத்தை நெரிக்கும்.

வீட்டுப் பங்கை நம்பவே வேண்டாம். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கும். பிரிக்காத பங்கை ஏற்காது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் உட்பட அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது. அதுவும் மே மாதம், கட்டண நேரத்தில் தெரியவரும்.

வழி கல்லூரியின் நிதியுதவிதான். தனியார் கல்லூரிகளில் தங்கல், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 76.5 லட்சம். ஆனால் ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமல் சேர்த்து, குடும்பத்தால் கட்ட முடிந்தது போக மீதித் தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம். மற்றவற்றில் பல, உதவி கேட்பதையும் எடைபோட்டே சேர்க்கும். அதற்குப் பயந்து "முதல் வருடம் கட்டிவிடலாம், பிறகு கேட்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் பிறகு தருவதில்லை. குடும்ப வருமானம், சொத்து விவரங்களைக் கேட்கும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற நிதியுதவிப் படிவத்தை விண்ணப்பத்தோடு அனுப்புங்கள். கடை வருமானம் வருமான வரித் தாக்கலில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வீட்டில் உங்கள் பங்கை மட்டும் காட்டி, விற்க முடியாத கூட்டுச்சொத்து என்று விளக்கக் கடிதம் வையுங்கள்.

உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது, விமானம், காப்பீடு சேர்த்து ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் வந்தால் அனுப்புங்கள். டாலர் ஏறினாலும் 35 லட்சமும் அதன் வட்டியும் தாங்கும், அவசரத்துக்கு 7.5 லட்சம் வரை சொத்து ஈடில்லாத கடனுக்கு முயலலாம். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால் டி.சி.எஸ். என்ற வரியை வங்கியிலேயே முன்கூட்டிப் பிடிப்பார்கள், வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு அது இல்லை. கல்விக்கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையில்தான்.

8 லட்சத்தைத் தாண்டினால் இங்கேயே பொருளாதாரமோ வரலாறோ இளங்கலை முடிக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவ ஆய்வுகளுக்குத் தனித்தனித் துறைகள் உண்டு. அமெரிக்காவில் சமயவியல் முனைவர் படிப்புக்குப் பெரிய பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளி உதவித்தொகையும் தருகின்றன. அந்தக் கட்டத்தில் போனால் உங்கள் சேமிப்பைத் தொடவே வேண்டியிருக்காது.