ரத்தச் சோதனையில் எதுவும் வளரவில்லை. பூஞ்சை மருந்து எதற்கு?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெற்றுவரும் என் தாயாருக்கு (58 வயது) ஆண்டிபயாட்டிக் கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை. சிடி ஸ்கேனைப் பார்த்து, நுரையீரலில் பூஞ்சைத் தொற்று இருக்கலாம் என்கிறார்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்த வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை. ஆனாலும் வோரிகோனசோல் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். உறுதி செய்யாமல் கொடுப்பது சரியா? புதிய சோதனையோ மருந்தோ உண்டா?
– சிங்கப்பூர், யீஷூன் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியுள்ள நிலையில், மருந்தை உடனே தொடங்கியது சரியான முடிவு. நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகளில் முதன்மையான அஸ்பர்ஜில்லஸ், நோய் முற்றிய நிலையிலும்கூட ரத்த வளர்ப்புச் சோதனையில் வளர்வது மிக அரிது. ரத்தத்திலேயே பரவும் கேண்டிடா என்ற வேறு பூஞ்சையின் தொற்றிலும் அந்தச் சோதனை ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. கீமோவால், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் ஒருவருக்கு முழு ஆதாரம் கிடைக்கும்வரை காத்திருந்தால், அதற்குள் நோய் கைமீறிவிடக்கூடும்.

ஆகவே மருத்துவர்கள் வேறு தடயங்களைத் தேடுகிறார்கள். அஸ்பர்ஜில்லஸ் வளரும்போது வெளியிடும் கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைப் பொருளை ரத்தத்திலும், பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்துவது) மூலம் நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரிலும் அளக்க முடியும். பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையும் உண்டு. இவற்றுள் எவை செய்யப்பட்டன, கழுவுநீர் எடுக்கும் அளவுக்குத் தாயாரின் உடல்நிலை இடம்தருகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கேனைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சிகிச்சை பலனளிக்கும்போதும் முதல் வாரம் பத்து நாளில் நுரையீரல் புள்ளிகள் பெரிதாகத் தெரிவதுண்டு. அதை மட்டும் வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் உடைந்துவிடாதீர்கள்.

வோரிகோனசோல் பழைய ஆம்போடெரிசின் பி மருந்தைவிட மேலானது என்று 2002இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது; 12 வாரங்களுக்குப் பின் உயிரோடிருந்தோர் 71 விழுக்காடு, பழைய மருந்தில் 58 விழுக்காடு. ஆனால் இதில் நம் வட்டாரத்துக்கு முக்கியமான ஒரு சிக்கல் இருக்கிறது. இம்மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. ஆசிய மக்களில் 15 முதல் 20 விழுக்காட்டினருக்கு அது மிக மெதுவாகவே செயல்படும் எனக் கணிக்கப்படுகிறது. ஒரே அளவு மாத்திரை ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு நஞ்சாகவும் ஆகலாம். அதனால்தான் தொடங்கிய சில நாள்களில் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனை எப்போது என்பதே நீங்கள் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி. இல்லாத உருவங்கள் தெரிவதாகத் தாயார் சொன்னால், வயதின் குழப்பம் என்று விட்டுவிடாமல் தாதியரிடம் உடனே தெரிவியுங்கள். மருந்தளவு மிகுந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

புதிய மருந்துகள் மெதுவாகவே வருகின்றன. பூஞ்சையின் உயிரணு பாக்டீரியாவைவிட நம் உயிரணுவுக்கே நெருக்கமானது என்பதால், நம்மைத் தொடாமல் அதை மட்டும் தாக்கும் இடங்கள் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் முன்னுரிமை தரவேண்டிய 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டு, அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸை மிக அபாயமான பிரிவில் வைத்தது. இந்த ஆராய்ச்சிக்கு நிதியும் கவனமும் நெடுங்காலம் கிட்டாமல் போனது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. வாரம் ஒருமுறை செலுத்தும் ரெசாஃபங்கின் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, ஆனால் அது கேண்டிடா தொற்றுக்கானது. அஸ்பர்ஜில்லஸைப் புதிய வழியில் தாக்கும் ஓலோரோஃபிம், ஃபாஸ்மனோஜெபிக்ஸ் ஆகியவை மருத்துவப் பரிசோதனைக் கட்டங்களில் உள்ளன. வோரிகோனசோல் ஒத்துவராவிட்டால் இசவுகோனசோல் போன்ற மாற்றுகள் இப்போதே உண்டு.

சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் நீடிக்கும். வீடு திரும்பியதும் மாத்திரையை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ கொடுங்கள். வோரிகோனசோலுடன் சேரக்கூடாதவை இருக்கலாம் என்பதால், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் உட்பட, பலதுறை மருந்தகத்தில் வாங்கிய எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகளையும் மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள். மண்ணிலும் தூசியிலும் பூஞ்சை வித்துகள் இருக்கலாம் என்பதால், தொட்டி மண்ணைக் கிளறும் வேலை தாயாருக்கு வேண்டாம். பக்கத்து வீட்டில் சுவர் இடித்துப் புதுப்பிப்புப் பணி நடந்தால், அது முடியும்வரை அவரை உறவினர் வீட்டில் தங்கவைப்பது நல்லது.