கொடுங்கையூர் குப்பை மேட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

கேள்வி: சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு அருகே 60 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் இருக்கிறோம். கிடங்கில் தீப்பிடித்தால் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. வெளிநாடுகளில் குப்பை மேட்டு வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்களாமே, இங்கே ஏன் எடுப்பதில்லை? குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். கடைசியில் எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: கொடுங்கையூரைப் பொறுத்தவரை குப்பையிலிருந்து வாயு எடுக்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் உங்கள் அடுக்ககத்தைப் பொறுத்தவரை கடக்கவில்லை.

சோற்று மிச்சமும் காய்கறித் தோலும் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதை வீணாக வெளியே விடுவதைவிட எரித்து மின்சாரம் எடுப்பது நல்லதுதான். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே புவென்டே ஹில்ஸ் கிடங்கில் 2013-ல் குப்பை கொட்டுவதை நிறுத்திய பிறகும் வாயு மின் நிலையம் ஓடியது.

ஆனால் அது திட்டமிட்டு நிரப்பப்பட்ட கிடங்கு. இத்தகைய கிடங்குகளில் அன்றன்றைய குப்பையை மண்ணிட்டு மூடுகிறார்கள். மேட்டில் ஆழமாகத் துளையிட்டு, ஓட்டை போட்ட குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டி, வாய்ப்பகுதியைக் களிமண்ணால் அடைத்து, விசிறி இயந்திரத்தால் வாயுவை உறிஞ்சுகிறார்கள். ஒவ்வொரு குழாய் முகப்பிலும் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, மேட்டுக்குள்ளேயே தீ கனன்றுவிடும். மூடாத மேட்டில் எங்கே துளையிட்டாலும் காற்றுதான் முதலில் வரும்.

கொடுங்கையூர் பல பத்தாண்டுகளாகத் திறந்தவெளியில் கொட்டப்பட்ட மேடு. சூடும் ஈரமும் நிறைந்த நம் ஊரில் உணவுக் குப்பை வேகமாக அழுகிவிடும். வாயுவில் பெரும்பகுதி ஆரம்ப ஆண்டுகளிலேயே காற்றோடு போய்விட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் டன் குப்பைக்கு 0.78 மெகாவாட் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் தோராய அளவு. அங்கே அகற்றத் திட்டமிட்ட பழைய குப்பை சுமார் 66 லட்சம் டன். அப்படியே பெருக்கினால் 5 மெகாவாட் வரும். ஆனால் அந்த அளவு முறையாக மூடிய கிடங்குக்கு உரியது. கட்டட இடிபாடும் எரிந்த சாம்பலும் கலந்த இந்த மேட்டுக்கு அது பொருந்தாது. மாநகராட்சி தேர்ந்தெடுத்தது பயோமைனிங் வழியை: தோண்டி, உலர்த்தி, சலித்து, மண்ணைத் தனியாகவும் எரியக்கூடிய பிளாஸ்டிக்கைச் சிமென்ட் ஆலைகளுக்கும் அனுப்புவது. நிலமாவது மீளும் என்பதால், இதுவே சரியான முடிவு என்பது என் கருத்து.

தீயை அணைக்கத் தண்ணீர் மட்டும் போதாது. உள்ளே கனலும் பகுதியைத் தோண்டிப் பிரித்து மண்ணால் மூட வேண்டும். 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொடுங்கையூருக்குப் பேசப்படும் 'குப்பையிலிருந்து மின்சாரம்' என்ற எரி உலைத் திட்டத்துக்கும் இந்த வாயுவுக்கும் சம்பந்தமில்லை. அது புதுக் குப்பையை எரிப்பது. நம் குப்பையில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் கணிசமான பங்கு செலவாகிவிடும். அங்குள்ள மக்கள் புகை பற்றிக் கேட்கும் கேள்விகளையும் நான் ஒதுக்கமாட்டேன்.

இனி லாரி. உங்கள் சந்தேகம் நியாயமானது. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. காலையில் பேட்டரி வண்டி வரும்போது ஒருவர் நின்று பாருங்கள். பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் தனித்தனியாக இருக்கின்றனவா, தெருமுனையில் காம்பாக்டர் லாரிக்கு மாற்றும்போது ஒன்றாகக் கொட்டப்படுகின்றனவா? கலந்தால் நேரத்தோடு படம் எடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் கொடுங்கள். தூய்மைப் பணியாளரிடம் கோபப்படாதீர்கள். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை.

பிரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தோர் நல்ல சான்று. அங்கே 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆலை, நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து சுமார் 17,000 கிலோ உயிரி எரிவாயு (பயோ-சி.என்.ஜி.) எடுக்கும் திறன் கொண்டது. வீடுகளிலேயே பிரிக்கப்படும் குப்பைதான் அதற்குத் தீனி. உங்கள் 60 வீடுகளில் நாளுக்கு 60 கிலோ ஈரக் குப்பை சேரும் என்று வைத்துக்கொண்டால், அதே விகிதத்தில் வாரத்துக்கு 13 கிலோ எரிவாயு. ஏறக்குறைய ஒரு வீட்டு சிலிண்டர்! அடுக்ககத்தில் வைக்கும் சிறிய எரிவாயுக் கலத்தில், அதாவது ஈரக் குப்பையைக் காற்றுப் புகாமல் அழுகவிட்டு வாயு எடுக்கும் தொட்டியில், இதைவிடக் குறைவாகவே கிடைக்கும், ஆனாலும் ஒதுக்கக்கூடிய அளவல்ல.

சட்டமும் உங்களை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் வளாகங்களைத் தனியாக வகைப்படுத்தின. ஈரக் குப்பையை முடிந்தவரை உள்ளேயே கையாளச் சொல்லின. நீங்கள் அந்த எல்லையை ஒட்டியே இருப்பீர்கள்.

எரிவாயுக் கலமா, உரத் தொட்டியா? வாயுவை நாள்தோறும் பயன்படுத்த அருகிலேயே அடுப்பு இல்லையென்றால் உரத் தொட்டியே போதும். காய்ந்த இலையை அடுக்கடுக்காகப் போட்டால் நாற்றமும் வராது. கலம் வைத்தால் சாணக் கரைசலில் தொடங்கி, தீனியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கல்யாண வீட்டுச் சோற்றைக் கொட்டினால் உள்ளே புளித்து, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். எலும்பு, தேங்காய் ஓடு, எலுமிச்சைத் தோல் வேண்டாம்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு வாரம் ஈரக் குப்பையைத் தனியாக எடைபோடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடையைத் தனியே குறியுங்கள். விற்பவர்கள் கலத்தின் அளவைச் சொல்வதற்கு முன் உங்களிடம் அந்த எண் இருக்க வேண்டும்.